மருந்தும் மன்றாட்டும்

“நோய்க்கும் பார், பேய்க்கும் பார்” என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. இரண்டையும் பார்க்கும்படி அது கூறுகிறது. நாமோ பெரும்பாலும் பேய்க்கு மட்டும் பார்த்துவிட்டு, நோய்க்குப் பார்க்க மறந்துவிடுகிறோம். நினைவு வரும்பொழுது காலம் கடந்துவிடுகிறது.

இறக்குவானை தொடக்கம் எட்டியாந்தோட்டை வரை, சப்பிரகமுவ மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களிலும் றப்பர் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களுக்கு நாம் கூறப்போவது புதுமையன்று. பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி உண்பதை நிறுத்துகிறாள். இரவெல்லாம் உறக்கமின்றி விழித்திருக்கிறாள். எவரோ தன்னைப் பெயர் சொல்லி அழைப்பதாகக் கூறுகிறாள். லயம் முழுவதும் செய்தி பரவுகிறது. ஆற்றோரம் போன வேளையில் ஏதோ பிடித்துக்கொண்டதென்கிறார் ஒருவர். வேண்டாதவர் செய்வினை என்கிறார் மற்றொருவர். கோடாங்கி வருகிறார், உடுக்கு ஒலிக்கிறது, கழுத்தில் தாயத்தும் கையில் கயிறும் ஏறுகின்றன. அடகுக்கடைக்குப் போன தோடு திரும்பி வருவதில்லை. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, வேறெந்த வாயிலும் இல்லையென்றான பின்னரே வைத்தியசாலை நினைவுக்கு வருகிறது. அதற்குள் நோய் வேரூன்றிவிடுகிறது. வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கமாட்டானே என்னும் அச்சம், அந்த வைத்தியசாலைப் பயணத்தையும் இருளில் நடத்தச் செய்கிறது.

மறுபுறத்தில், கல்லூரி வாயிலைக் கடந்த நம் இளைஞர் சிலர் வேறொரு பேச்சுப் பேசுகின்றனர். மனம் என்பது மூளையின் வேலை. மூளைக்கு வேண்டியது மாத்திரை. கோவிலும் பூசையும் வீண் வேலை என்பது அவர்கள் வாதம். தாயார் நேர்ந்துகொண்ட மாவிளக்கைக் கண்டு நகைக்கின்றனர். தாயோ மகனின் படிப்பைக் கண்டு அஞ்சுகிறாள். ஒரே வீட்டில் மருந்தும் மன்றாட்டும் இவ்வாறு பகை கொண்டு நிற்க, நடுவே நோயாளி தனித்து விடப்படுகிறார்.

இறைவனை நம்பும் ஒருவர் மனநோயை விஞ்ஞான முறையில் ஆராய இயலுமா? ஆராய்ந்த பின்னும் அவருடைய நம்பிக்கை நிலைக்குமா? மாணவ நேயர்கள் கேட்கக்கூடிய இவ்வினாவுக்கு விடையாகத் தம் வாழ்வையே வைத்துச் சென்றவர் ஒருவர் உண்டு. மனநோய் மருத்துவராகவும் பக்தி மிகுந்த கத்தோலிக்கராகவும் வாழ்ந்து, 1975ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரிலே மறைந்த டாக்டர் கார்ல் ஸ்டேர்ன் அவர்களையே இவ்வாரம் நினைவுகூர விரும்புகிறோம்.

சைவராகிய நாம் ஒரு கத்தோலிக்கரை நினைவுகூர்வது ஏன் என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. இரத்தினபுரி மக்கள் அண்ணாந்து நோக்கும் சிவனொளிபாத மலையிலே ஒரே அடிச்சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையதென்றும், பௌத்தர் புத்தபிரானுடையதென்றும், இஸ்லாமியர் ஆதாமுடையதென்றும் வணங்குகின்றனர். அதனைப் புனித தோமையாருடையதெனக் கொள்ளும் கிறிஸ்தவரும் உளர். அம்மலையின் நிழலில் வாழ்வோர்க்குப் பிறர் சமயத்துச் சான்றோரிடம் பாடங் கேட்பது இயல்பேயாகும்.

எல்லைப்புறச் சிற்றூரில்

கார்ல் ஸ்டேர்ன் 1906ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பவேரியப் பகுதியில், பொஹீமிய எல்லையை அடுத்துள்ள காம் என்னும் சிற்றூரிலே ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சுற்றிலும் கத்தோலிக்கர் நிறைந்த ஊர் அது. இளமையிலேயே பியானோ வாத்தியத்தில் ஆழ்ந்த பற்று அவருக்கு உண்டாயிற்று. அது இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. மருத்துவம் பயின்று 1930இல் பட்டம் பெற்றபின், மூளையையும் மனத்தையும் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அந்நாளில் உலகப் புகழ் பெற்றிருந்த மியூனிக் மனநோய் ஆராய்ச்சி நிலையத்தில், அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு பணிபுரியும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது.

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத மருத்துவர்களும் ஆசிரியர்களும் அரசாங்கப் பணிகளினின்றும் விலக்கப்பட்டனர். வெளிநாட்டு நிதியின் ஆதரவு இருந்தமையால், ஸ்டேர்ன் மேலும் சில காலம் அந்நிலையத்தில் தங்க முடிந்தது. சமய வழக்கங்களில் அதிக நாட்டமின்றி வளர்ந்த அவ்விளைஞர், தம் இனம் மிதிக்கப்பட்ட அக்காலத்திலேதான் யூத சமயத்தின்பால் ஆர்வத்தோடு திரும்பினார். அதே ஆண்டின் இறுதியில், மியூனிக் நகரின் கத்தோலிக்கத் தலைவர் கர்தினால் பௌல்ஹாபர், யூத மக்களின் வேதநூலை இழித்துரைத்த நாஜிகளுக்கு எதிராக அந்நூலின் பெருமையை நிலைநாட்டித் தொடர் பிரசங்கங்கள் நிகழ்த்தினார். கத்தோலிக்க சமயத்தை ஸ்டேர்ன் உற்றுநோக்கத் தொடங்கியதும் அம்மியூனிக் நாட்களிலேயே. ஞானிகளின் நூல்கள் மட்டுமன்றி, நாள்தோறும் பூசை காணச் செல்லும் எளிய மக்களின் பக்தியும் அவர் நெஞ்சைத் தொட்டது.

இரக்கமற்ற விஞ்ஞானம்

இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். ஸ்டேர்ன் பணிபுரிந்த அதே ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர்களுள் ஒருவராக இருந்தவர் ஏர்ன்ஸ்ட் ரூடின் என்னும் மனநோய் மருத்துவர். பரம்பரை நோயுடையோர்க்குக் குழந்தை பிறவாதபடி கட்டாய அறுவைச் சிகிச்சை செய்ய வழிவகுத்த 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னே நின்றவர் அவர். அச்சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 4 இலட்சம் பேர் மலடாக்கப்பட்டனர். மனநோயாளரும் அறிவுவளர்ச்சி குன்றியோருமே அவர்களுள் பெரும் பகுதியினர்.

அதோடும் அக்கொடுமை நிற்கவில்லை. 1939ஆம் ஆண்டு தொடக்கம் மனநோய் வைத்தியசாலைகளிலிருந்து நோயாளர்கள் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்டு, நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். 1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துக்குள் இவ்வாறு மாண்டவர் தொகை 70,000க்கு மேல். பெயர்களைத் தெரிந்தெடுத்துக் குறியிட்டவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர்களே! 1941 ஆகஸ்ட் 3ஆம் நாள், மூன்ஸ்டர் நகரத்து மேற்றிராணியார் கிளமென்ஸ் வொன் காலன், தேவாலயப் பீடத்திலிருந்து இக்கொலைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். அப்பிரசங்கம் இரகசியமாகப் பிரதி செய்யப்பட்டு நாடெங்கும் பரவிற்று. அம்மாதமே அத்திட்டத்தை நிறுத்தும்படி ஹிட்லர் உத்தரவிட்டார்; ஆயினும் மறைமுகக் கொலைகள் போர் முடியும்வரை நீடித்தன.

நுண்ணோக்கியும் ஆய்வுகூடமும் உள்ள இடத்தில் இரக்கமும் இருக்கும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. மனிதனைப் பழுதுபட்ட இயந்திரமாக மட்டும் நோக்கிய கல்வி, பழுது தீராதபோது அவனை எறிந்துவிடவும் துணிந்தது. இவ்வுண்மையை ஏட்டிலே படித்தறிந்தவரல்லர் ஸ்டேர்ன். அது முளைவிட்ட கட்டடத்துக்குள்ளேயே வேலை பார்த்தவர் அவர்.

நாடு விட்டு நாடு

1936ஆம் ஆண்டு அவர் ஜெர்மனியை விட்டு வெளியேறி இலண்டன் நகரை அடைந்தார். அங்கே நரம்பு நோய்களுக்குப் பெயர்பெற்ற குயின் ஸ்குயார் வைத்தியசாலையில் பணி கிடைத்தது. லிஸலொட் என்னும் ஜெர்மானிய மங்கையை மணந்தார். அவர் யூதரல்லர்; யூதரை மணப்பதை ஜெர்மனியில் சட்டமே தடுத்திருந்த காலம் அது. 1939இல் குடும்பம் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கனடா சென்று, மொன்றியல் நகரிலே குடியேறியது. மூன்று பிள்ளைகளோடு அவர்கள் இல்லறம் அந்நாட்டிலே நடந்தது.

பயணம் என்னும் சொல் சிலருக்கு உல்லாசத்தைக் குறிக்கும். ஸ்டேர்ன் செய்த பயணங்களோ உயிர் தப்புவதற்கான பயணங்கள். பிறந்த மண்ணிலேயே அந்நியராக்கப்படுவது எத்தகையது என்பதை நமது மலையக மக்களுக்கு எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் உற்றார் உறவினரைக் கப்பலேற்றிப் பிரித்தது. 1977, 1981 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து பலர் உடுத்த துணியோடு வெளியேறினர். எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரசாவுரிமை கிடைத்தபோதிலும், அந்த ஆண்டுகள் நெஞ்சிலே விட்டுச்சென்ற வடு பத்திரத்தினால் மாறிவிடுவதன்று. அவ்வடு பேரக் குழந்தைகளின் அச்சமாகவும் உறக்கமின்மையாகவும் தலைகாட்டக் கூடும். அதனைப் பேய் என்று விரட்டுவதிலோ, ஒன்றுமில்லையென்று ஒதுக்குவதிலோ பயனில்லை.

1943ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், தமது முப்பத்தேழாம் வயதிலே, ஸ்டேர்ன் கத்தோலிக்க சமயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஐரோப்பாவில் யூத இனம் அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளை அது. துன்பக் காலத்தில் இனத்தைக் கைவிட்டான் என்ற பழிச்சொல் எழுமென்பதை அவர் அறியாதவரல்லர். அது பற்றிய மனப்போராட்டத்தை 1951இல் வெளிவந்த ‘நெருப்புத் தூண்’ என்னும் தன்வரலாற்று நூலில் மறைக்காமல் எழுதினார். பாலைவனத்திலே இரவில் இஸ்ரவேல் மக்களுக்கு வழிகாட்டியதாக வேதம் கூறும் நெருப்புத் தூணே அந்நூலுக்குப் பெயராயிற்று. நூலின் இறுதிப் பகுதி, பாலஸ்தீனம் சென்று குடியேறிய தம் சகோதரருக்கு எழுதிய கடிதமாக அமைந்துள்ளது. சமயத்தால் பிரிந்தபின்னும் உடன்பிறப்பிடம் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவராக அவர் தம்மைக் கருதினார் என்பதை அது காட்டுகிறது.

இரு கரைகளுக்கும் ஒரு பாலம்

மொன்றியலில் அவர் முதலில் மூளை ஆராய்ச்சியில் ஈடுபட்டார். பின்னர் அலன் நினைவு மனநோய் நிலையத்தில் பணியாற்றினார். முதியோரின் மனநிலையைத் தனியே கவனிப்பதற்கு அங்கே அவர் முயற்சி மேற்கொண்டமை இங்கு குறிப்பிடத்தக்கது. முதுமையில் வரும் சோர்வெல்லாம் வயதின் இயல்பே என்று மருத்துவரும் எண்ணியிருந்த காலத்தில், கேட்பதற்கு ஒருவர் இருந்தால் அவருட் பலர் தேறுவர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டு வீட்டு வேலைகளுக்கும் சென்றுவிட, லயத்து அறையில் தனித்திருக்கும் நமது பாட்டன் பாட்டிமாரை இங்கே எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

பின்னர் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும், மொன்றியல் புனித மரியாள் வைத்தியசாலையில் மனநோய்ப் பிரிவின் தலைவராகவும் கடமையாற்றினார். அலன் நிலையத்தை அவர் விட்டு நீங்கிய பிற்காலத்தில், அதாவது 1957 முதல் 1964 வரை, அந்நிலையத்தின் தலைவர் இவன் கமரன், நோயாளர்களின் முறையான சம்மதமின்றிக் கொடிய பரிசோதனைகளை நடத்தினார் என்பதும், அமெரிக்க உளவு நிறுவனத்தின் பணம் அதற்கு உதவிற்று என்பதும் பின்னாளில் வெளிப்பட்டன. மனிதனை மதியாத விஞ்ஞானம் சர்வாதிகார நாடுகளில் மட்டும் தோன்றுவதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அக்காலத்து அறிஞர் உலகில் சமயமும் மனமருத்துவமும் கீரியும் பாம்புமாக நின்றன. மனப் பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்ட், சமயம் வெறும் மாயை என்று 1927இல் ஒரு நூலே எழுதியிருந்தார். மறுபுறம், புகழ்பெற்ற கத்தோலிக்கப் பிரசங்கியாகிய புல்டன் ஷீன் 1947இல் நியூயோர்க் தேவாலயத்திலே மனப் பகுப்பாய்வைக் கடுமையாகத் தாக்கினார். 1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர், உரோமையில் கூடிய மனமருத்துவ மகாநாட்டுப் பிரதிநிதிகளை வரவேற்று, ஒழுக்க எல்லைகளைக் கூறியவாறே அவர்தம் பணியை மதித்துப் பேசினார்.

அதற்கடுத்த ஆண்டிலேயே ஸ்டேர்ன் தமது ‘மூன்றாம் புரட்சி’ என்னும் நூலை வெளியிட்டார். மனமருத்துவத்துக்கும் சமயத்துக்குமுள்ள உறவை ஆராய்வது அந்நூல். பிராய்டின் சிகிச்சை முறையில் உண்மை உண்டு. அதைக் கைக்கொள்வதற்காக அவருடைய நாத்திகத்தையும் சேர்த்து விழுங்க வேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. நெல்லை எடுத்து உமியை நீக்குவதுபோல அவர் பிரித்துக் காட்டினார்.

குற்ற உணர்வை உதாரணமாகக் கொள்வோம். ஒருவன் அயலானை வஞ்சித்துவிட்டு நெஞ்சு உறுத்தப்படுகிறான். அது மெய்யான குற்றம். மன்னிப்புக் கேட்பதும், பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதும், இறைவன் முன் மனம் வருந்துவதும் அதற்கு மருந்து. மற்றொருத்தி யாதொரு தீங்கும் செய்யாதிருந்தும், தான் மகாபாவி என்றும், தன்னால் குடும்பமே அழியப்போகிறதென்றும் இரவுபகலாக நடுங்குகிறாள். இது நோய். இவளுக்கு எத்தனை பரிகாரம் செய்வித்தாலும் அச்சம் தீராது. பரிகாரமே அவள் அச்சத்துக்கு நெய் வார்க்கவும் கூடும். முன்னவனுக்கு மாத்திரை கொடுப்பதும் பிழை. பின்னவளுக்குப் பாவமன்னிப்பு மட்டும் கொடுப்பதும் பிழை. எது எதுவென்று பகுத்தறிவதற்கே மருத்துவரும் குருவும் ஒருவரையொருவர் மதித்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

தாயின் அறிவு

1965இல் வெளிவந்த மற்றொரு நூலில், டேக்கார்ட், கெதே, டால்ஸ்டாய், இப்சன் முதலிய மேதைகளின் வாழ்வையும் எழுத்தையும் எடுத்து ஆராய்ந்து, தற்கால மனிதன் பெண்மையினின்றும் ஓடி ஒளிகிறான் என்று ஸ்டேர்ன் வாதித்தார். பெண்மையென்று அவர் கருதியது பெண்களிடம் மட்டும் உள்ள ஒன்றையன்று. அளந்தும் நிறுத்தும் அறியும் அறிவுக்கு அப்பால், அன்பினால் உணர்ந்து அறியும் அறிவையே அவர் அவ்வாறு குறித்தார். முன்னது மட்டும் வளர்ந்து பின்னது வாடிப்போன உலகம் நோயுற்ற உலகம் என்பது அவர் முடிவு.

இக்கருத்தினை விளங்கிக்கொள்ள நாம் மேல்நாடு செல்ல வேண்டியதில்லை. மகனுடைய நடையில் ஒரு மாற்றம் வந்திருப்பதை ஆசிரியர் அறியுமுன், டாக்டர் அறியுமுன், விடியற்காலையில் ரொட்டி சுட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் தாய் அறிகிறாள். அவள் அறிவு மெய்யறிவு. அதனை வைத்தியசாலையில் எடுத்துக் கூற அவளுக்கு ஒரு வாய்ப்பும், மொழியும், தைரியமும் வேண்டும். கேட்கும் மருத்துவருக்குப் பொறுமை வேண்டும்.

குடும்பமே மனநோயாளருக்கு முதல் வைத்தியசாலை என்பதற்குப் பெல்ஜிய நாட்டிலுள்ள கேல் என்னும் நகரம் நல்ல சான்று. புனித திம்ப்னா என்னும் கன்னிகையின் கோவிலுக்கு, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மனநோயாளரை அழைத்து வந்தனர். கோவிலில் இடம் போதாதபோது ஊர் மக்கள் தங்கள் வீடுகளில் அவர்களுக்கு இடமளித்தனர். அவ்வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 1930களின் இறுதியில் 3,500க்கு மேற்பட்ட நோயாளர் அந்நகரத்துக் குடும்பங்களோடு உண்டு உறங்கி வாழ்ந்தனர். பின்னாளில் அவ்வூரில் வைத்தியசாலையும் மருத்துவரும் வந்தனர். ஆனால் குடும்பம் தன் கதவை அடைத்துக்கொள்ளவில்லை. கோவில் வழிகாட்டியது, வீடு தாங்கியது, மருத்துவம் துணைநின்றது.

சங்கிலியும் மாத்திரையும்

இதற்கு நேர்மாறான காட்சியொன்றைத் தமிழ்நாடு கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த தனியார் காப்பகக் கொட்டகையொன்று தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அங்குள்ள புனிதத் தலத்திலே சுகம் கிடைக்குமென்று பல சமயத்தவரும் கொண்டுவந்து விட்டுச்சென்ற பிள்ளைகள் அவர்கள். கொண்டுவந்து விட்ட பெற்றோரின் நம்பிக்கையை நாம் பழிக்கமாட்டோம். அந்நம்பிக்கையைக் காரணமாக வைத்துச் சங்கிலியை மாட்டி, மருத்துவத்தை மறுத்ததே அழிவாயிற்று.

ஜெர்மனியிலே மருத்துவம் இரக்கத்தைத் துறந்தது. ஏர்வாடியிலே நம்பிக்கை மருத்துவத்தைத் துறந்தது. இரண்டிடத்திலும் பலியானவர் நோயாளரே.

இன்றைக்கு மனநோய்க்கு மருந்தில்லை என்று எவரும் சொல்ல இயலாது. 1952இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் இருவர் குளோர்ப்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். அதற்கடுத்த ஆண்டில், ஸ்டேர்ன் வாழ்ந்த அதே மொன்றியல் பகுதியில், அவரைப் போலவே ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்த ஹைன்ஸ் லேமன் என்னும் மருத்துவர் அம்மருந்தை வட அமெரிக்காவில் பயன்படுத்திப் பார்த்தார். ஆண்டுக்கணக்காகச் சுவரையே நோக்கியிருந்தவர்கள் பேசத் தொடங்கினர். அன்று தொட்டுப் புதிய மருந்துகள் பல வந்துள்ளன. நீரிழிவுக்காரர் மருந்தை நிறுத்தாது உண்பதுபோல இம்மருந்துகளையும் டாக்டர் சொல்லும்வரை உண்ண வேண்டும். சற்றுச் சுகமானதும் தாமே நிறுத்திவிடுவதே நோய் திரும்புவதற்குப் பெருங் காரணங்களுள் ஒன்று.

நம் வாசலில்

இலங்கையில் மனநோயென்றால் அங்கொடை என்றே நெடுங்காலம் பேசப்பட்டது. ஊரார் ஏளனத்துக்குரிய வசைச்சொல்லாகவும் அவ்வூர்ப் பெயர் ஆகிவிட்டது. அவ்வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகமாக விளங்குகிறது. அதற்காகக் கொழும்புவரை செல்ல வேண்டிய தேவையும் இன்று எல்லோர்க்கும் இல்லை. இரத்தினபுரி, கேகாலைப் பெரியாஸ்பத்திரிகளில் மனநோய்க்கும் சிகிச்சை பெறலாம். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசினால், மனநல நிறுவகத்தினர் ஆலோசனை கூறுவர். இவ்விலக்கத்தைச் சமையலறைச் சுவரிலே எழுதி வைத்தால் குற்றமில்லை.

இன்னொன்றையும் கூறாது விடுவது நம் கடமைக்கு மாறாகும். 1995ஆம் ஆண்டளவில் நமது நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நிகழ்ந்தன. உலகிலே மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று அது. பூச்சிநாசினிகளே பெரும்பாலும் காரணமாயிருந்தன. மிகக் கொடிய நஞ்சுடைய மருந்துகளின் இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்ததும், அடுத்த பத்தாண்டுகளில் அவ்வளவு பாதியாகக் குறைந்தது. இதிலுள்ள பாடம் யாது? சாக விரும்பியவன் எப்படியும் சாவான் என்பது உண்மையன்று. அந்த ஒரு கணத்தில் நஞ்சு கைக்கெட்டாதிருந்தால், பலர் மறுநாள் உயிரோடு எழுகின்றனர். ஆகவே, மரக்கறித் தோட்டத்துக்கும் புல்லுக்கும் அடிக்கும் மருந்துப் போத்தலை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பூட்டிய இடத்தில் வையுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதும் சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் கைவிட்ட அப்பழியை ஊர் இன்னும் சுமத்திக்கொண்டிருப்பது நியாயமாகுமா?

பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் மாணவரை எண்ணி நமது நெஞ்சம் அஞ்சுவதுண்டு. பிள்ளை பேசாமல் ஒதுங்கியிருந்தால் திமிர் என்று எண்ணாதீர்கள். “சாப்பிட்டாயா? உறங்கினாயா? என்னிடம் சொல்லக்கூடாதா?” என்று கேட்பதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. மாணவர்களே, உங்கள் தோழன் ஒருவன் வாழ்வு வெறுத்ததாகச் சொன்னால் அதனை இரகசியமாகக் காப்பது நட்பாகாது. நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

வாழ்வின் இறுதி ஆண்டுகளில் டாக்டர் ஸ்டேர்ன் அவர்களைப் பக்கவாதம் தாக்கியது. பிறர் துயரைக் கேட்டே வாழ்ந்த மருத்துவர், தாமும் நோயாளியாகிப் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. ஆயினும் அவரது கடைசி நூல் அவர் மறைந்த 1975ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அன்பைப் பற்றியும் வெற்றியைப் பற்றியும் பேசும் நூல் அது. நாட்டையும் சுற்றத்தையும் இழந்து, மூன்று நாடுகளில் வாழ்ந்து, மருத்துவ ஏட்டையும் மன்றாட்டு நூலையும் ஒரே மேசைமீது வைத்திருந்த அவருக்கு இரண்டும் பகையாகத் தோன்றவில்லை. இரண்டும் நோயுற்ற மனிதனுக்காகவே என்பதை அவர் மறக்கவில்லை.

மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட தாயே, நேர்த்தியைச் செலுத்துங்கள், தடுப்பவர் எவருமிலர். தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் அன்னையே, ஏற்றுங்கள். ஏற்றிவிட்டு, மகளின் கையைப் பிடித்து முதல் பஸ்ஸில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். படித்த மகனே, தாயைப் பார்த்து நகையாமல் அவர்களோடு நீயும் போ. டாக்டர் கேட்பதற்குத் தாய் சொல்லும் விடையை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துக் கூறு. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மூவரும் பட்டப்பகலில் வீடு திரும்புங்கள். அவ்வாறு திரும்பும் குடும்பத்தைக் கண்டு, அயல் வீட்டில் மறைந்து கிடக்கும் மற்றொரு நோயாளிக்கும் கதவு திறக்கும்.